அக்காவின் தோட்டத்துக்குக் கூடையோடு வந்தவர்கள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் தோட்டத்து நண்பர்களுக்கும் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் நடுவில் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது முட்டுக்காட்டில். அம்மா சீக்கிரமே காலமாகிவிட, எங்கள் அப்பா, நைனா, மீன்பிடிக்கக் கடலுக்குப் போனார். அக்கா மீன்கூடையைத் தலையில் ஏற்றினார். எனக்குச் சோறு போட்டதும் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனதும் அவர்தான். கல்யாணமாகிப் புதுப்பட்டினம் வந்த பிறகும் என்னைக் கூடவே வைத்துக்கொண்டார். மாமா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலைக்கு வந்த வெளியூர்க் குடும்பங்கள் எங்கள் தெருவில் குடியேறிய காலம் அது. காய்கறி செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வதங்கித்தான் வந்து சேரும். தெருக் கிணற்றை ஒட்டிச் சும்மா கிடந்த மணல்திடலை அக்கா தோட்டமாக்கினார். சேருவதற்குச் சந்தா கிடையாது. தினமும் வீட்டிலிருந்து ஒரு கூடை குப்பை, காய்த்தோலோ சாம்பலோ சாணமோ, எருக்குழியில் கொட்ட வேண்டும். கொட்டியவர் பாத்தியில் வேலை செய்யலாம், காய் பறிக்கலாம். அவ்வளவுதான் சட்டம்.

முதல் ஆடியிலேயே தவறு நேர்ந்தது. மீன் கழிவு நல்ல எரு என்பது அக்காவுக்குத் தெரியும். அப்போது கடலில் மீன்பாடு குறைவு, பச்சை மீன் கழிவு கிடைக்கவில்லை. எனவே கருவாடு காயப்போடும் இடத்தில் உதிர்ந்து கிடந்த தலையையும் தூளையும் வாரிவந்து பாத்தி முழுக்கப் புதைத்தார்.

"இன்னா அண்ணி, செடியிலயே கொழம்பு காய்க்குமா?" என்று எதிர்வீட்டுப் பெண் அக்காவிடம் கேட்க, எல்லாரும் சிரித்தோம். கருவாட்டில் ஏறியிருந்த உப்பு யார் நினைவுக்கும் வரவில்லை. சில நாளில் கத்தரியும் வெண்டையும் கருகிச் சாய்ந்தன.

பலர் கூடையோடு வருவதை நிறுத்திவிட்டார்கள். குடிவந்திருந்த ஐயா ஒருவர் நல்ல மனதோடுதான் யூரியா மூட்டை வாங்கிவந்தார். அதைப் போடாவிட்டால் தாமும் விலகிக்கொள்வதாகச் சொன்னார். மிச்சமிருந்தவர்களும் அவர் பக்கம் நின்றார்கள். அக்கா மூட்டையைப் பிரிக்க விடவில்லை.

"கருவாட்ட கொட்னது நான்தான் சார், தப்பு என்னுது. அதுக்கோசரம் இத்த கொட்ட வேணாம். இந்த மண்ணு சல்லட மாரி கீது. மேல போட்டா கெணத்துல எறங்கும். அந்தத் தண்ணியத்தான் நம்ம கொயந்தைங்க குடிக்குது."

அந்த ஐயாவின் மனைவி தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கருவாட்டோடு மேல்மணலையும் வாரி எறிந்துவிட்டு, ஏரி வண்டல் பரப்பி, மழை முடிந்ததும் விதைக்கலாம் என்று மெதுவாகச் சொன்னார்.

"நீ சொல்லும்மா, நான் தூக்கறேன்" என்று அக்கா அப்போதே மண்வெட்டியை எடுத்தார். மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து அந்த ஐயாவும் மண் சுமந்தார். பங்குனி மாதம் கத்தரி காய்த்தது. முதல் பறிப்பை அக்கா எதிர்வீட்டுக்கே கொண்டுபோய், "கொழம்ப நீயே வெச்சிக்கோ" என்று கொடுத்தார். நின்றுபோன கூடைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் அக்கா எருக்குழியைத்தான் விசாரித்தார். அங்கே அவரைக் கவனித்த டாக்டர்களுக்கும் நர்சம்மாக்களுக்கும், அவரை வீடு கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கும், மாமாவை விட்டு நகராமல் இருந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னொரு நன்றி பாக்கி இருக்கிறது. துக்கத்தில் நாங்கள் யாரும் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. கருமாதி முடிந்து போனபோது பாத்திகள் ஈரமாக இருந்தன. எங்கள் வீட்டில் சாப்பிட்ட வாழையிலைகளை எதிர்வீட்டுப் பெண் தினமும் வாரிக் கொண்டுபோய் எங்கள் கணக்கில் குழியில் கொட்டியிருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"உங்க வூட்டுக் கூட நின்னுட்டா, அண்ணிக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

அன்று முதல் எங்கள் கூடையை நான் எடுத்துப் போகிறேன். தோட்டம் நன்றாக இருக்கிறது. சேர விரும்புகிறவர்கள் என்னைக் கேட்க வேண்டியதில்லை. கூடையோடு வந்தால் போதும்.