ரம்லத் டீச்சரின் கணினி ஊமையான காலை

பொன்னானி அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தும் ரம்லத் டீச்சருக்குச் சின்ன வயதிலேயே பார்வை போய்விட்டது. கணினிதான் அவருக்கு எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துக்காட்டும். அந்தக் குரலை அவர் வைத்திருக்கும் வேகத்தில், ஆசிரியர் அறையில் மற்றவர்களுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது.

"டீச்சரே, இது மலையாளமா, மழையா?" என்று கேலி செய்வார் கணக்கு வாத்தியார் திவாகரன் மாஷ்.

"உங்க வகுப்புப் பிள்ளைங்களும் உங்களைப் பத்தி அதையேதான் கேக்குறாங்க மாஷே."

அன்று காலை அந்தக் கணினி ஊமையாகக் கிடந்தது. முந்தின நாள் திவாகரன் அதில் ப்ரொஜெக்டரை மாட்டிப் பாடம் நடத்தியிருந்தார். ஒலி இன்னும் அந்தப் பக்கமே போய்க்கொண்டிருந்தது; அதிலோ ஒலிபெருக்கி கிடையாது. ஒலியைக் கணினிக்கே திருப்பலாமென்று திவாகரன் செட்டிங்ஸைத் திறந்தார். திரையில் அதன் ஜன்னல் ஒரு கணம் மின்னி மறைந்தது. கணினியை அணைத்துப் போட்டுப் பார்த்தும் அதே கதைதான். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதைத் தவிர வழியில்லை என்றார் தயங்கித் தயங்கி.

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திறக்கவே இல்லையா, திறந்துவிட்டு மூடுகிறதா என்று கேட்டார். திறந்து மூடுகிறது என்றதும், நேற்று கடைசியாக அதில் எந்தப் பக்கம் போனீர்கள் என்றார். பிரிண்டர் பக்கம் போனதாகவும், அது அசையாமல் நின்றுவிட்டதால் அப்படியே மூடிவிட்டதாகவும் சொன்னார் திவாகரன்.

"அப்ப செட்டிங்ஸ் முழுசா கெடல மாஷே. விட்ட எடத்துக்கே திரும்பப் போகுது, அந்த பிரிண்டர் பக்கம் அதைக் கவுத்து விடுது. நாம அங்க போகாம, நேரா சத்தத்தோட பக்கத்தைக் கூப்பிடுவோம்."

அவர் விரல்கள் விசைப்பலகையில் இறங்கின. கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் கறுப்பு ஜன்னல் ஒன்று திரையில் திறந்தது. எந்தக் குரலும் துணைக்கு இல்லை. எழுத்துகள் மட்டும் வரிசையாக வந்து விழுந்தன. நடுவே ஓர் எழுத்து இரட்டித்துவிட்டதைத் திவாகரன் சொன்னார். டீச்சர் அங்கிருந்து அழித்து மறுபடி அடித்தார். ஒலிப் பக்கம் திறந்தது, மறையாமல் நின்றது. திவாகரன் கணினியின் ஒலிபெருக்கியைத் தேர்ந்து ஒரு சொடுக்குச் சொடுக்க, அடைபட்டிருந்த குரல் மடமடவென்று கொட்டியது.

திவாகரன் திரையையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். தினமும் உற்றுப் பார்க்கும் இந்தப் பெட்டிக்குள் இத்தனை அறைகளும் வழிகளும் இருப்பதே அவருக்குத் தெரியாது. டீச்சரோ திரையை ஒருநாளும் கண்டதில்லை. ஆனாலும் தன் வீட்டுக்குள் நடமாடுவதுபோல் உள்ளே போய் வருகிறார். இதையெல்லாம் எப்படி மனத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"வேற எங்க வைக்கிறது?" என்று சிரித்தார் டீச்சர்.

மணி அடித்தது. பத்தாம் வகுப்புச் சுவரில் ப்ரொஜெக்டர் வழியே பழைய துறைமுகத்தின் படம் விரிந்தது. டீச்சர் அதற்கு முதுகு காட்டி நின்றபடி, எந்தக் கப்பல் எந்தப் பக்கம் நிற்கிறது, அதன் பாயில் காற்று எங்கிருந்து மோதுகிறது என்று சொல்லிக்கொண்டே போனார். வாசலில் நின்று கேட்ட திவாகரனுக்கு, தன் வகுப்பு காத்திருப்பதே மறந்துபோயிற்று.