அப்பாவின் கச்சான் நிலமும் தண்ணீர் மெஷினும்

எங்கள் அப்பா நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். உரம் போடும் ஆட்களுக்குக் கங்காணியாக இருந்து, தொண்ணூறுகளின் கடைசியில் ஓய்வு பெற்றார். சேமலாபப் பணம் கைக்கு வந்ததும், தோட்டத்துக்கு லொறி ஓட்டி வந்த நண்பர் குணபால மாமாவின் ஊரான பிபிலைப் பக்கம் குத்தகைக்கு நிலம் எடுத்து, கச்சான், அதாவது நிலக்கடலை, போடப் போவதாக அறிவித்தார். அதுவரை கச்சானை அவர் ரயிலில் காகிதச் சுருளில் வாங்கித்தான் கண்டிருந்தார்.

முதல் போகத்தில், தேயிலைக்குச் செய்ததையெல்லாம் கச்சானுக்கும் செய்தார். யூரியாவை மூட்டை மூட்டையாக இறக்கினார். மண்ணெண்ணெயில் ஓடும் தண்ணீர் மெஷின் ஒன்றை வாங்கிக் காலையும் மாலையும் ஓடவிட்டார். எண்ணெய்க் கேனை பஸ்ஸில் ஏற்ற விடாத நாட்களில் தலையில் வைத்து நடந்தார். செடி கரும்பச்சையாக எழுந்து நின்றது. ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்த அம்மா வந்து பார்த்து மலைத்துப்போனார். தேயிலைக்காரர் கண்ணுக்கு இலை செழித்தால் பயிர் செழித்தது. பிடுங்கியபோது வேரில் ஒன்றிரண்டு காய்தான் இருந்தது. அதிலும் பாதி, உள்ளே பருப்பில்லாத பொக்கு.

குணபால மாமா குந்தி உட்கார்ந்து ஒரு செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணே, இந்தக் கொழுந்த ஃபெக்டரிக்கு அனுப்புவோமா?”

முதலில் சிரித்தவர் அப்பாதான். அம்மா சிரிக்கவில்லை. பணத்தில் பெரும்பகுதி உரத்துக்கும் எண்ணெய்க்கும் போயிருந்தது. இன்னும் ஒரு போகம் பார்க்கலாம், அதுவும் இப்படியானால் மெஷினை விற்றுவிட்டு லயத்துக்கே திரும்பிவிட வேண்டும் என்றார். அப்பா ஒப்புக்கொண்டார்.

பிறகுதான் விவசாயப் போதனாசிரியரிடம் போனார். கச்சான் தனக்கு வேண்டிய தழைச்சத்தைப் பெரும்பாலும் தன் வேரிலேயே உண்டாக்கிக்கொள்ளும், யூரியாவைக் கொட்டினால் இலைதான் மிஞ்சும் என்று அவர் விளக்கினார். அப்பா பெரும்போக மழையோடு விதைத்தார். யூரியா வாங்கவில்லை. மெஷினைத் தொடுமுன் மண்ணை விரலால் கிளறிப் பார்ப்பார். ஈரம் இருந்தால் மெஷின் சாக்குக்கு அடியிலேயே கிடக்கும். கேட்டவர்களிடம், “அது எண்ண குடிச்சது போக மிஞ்சினாத்தான் நான் டீ குடிக்கலாம்” என்பார். செடி குட்டையாகவே நின்றது. அம்மா தட்டுமுட்டுச் சாமான்களை மூட்டை கட்டத் தொடங்கினார்.

அறுவடையன்று முதல் செடியை அம்மாவே பிடுங்கினார். கொத்தாகக் காய் வந்தது. அடுத்ததிலும் அப்படியே. நாலைந்து செடிக்குப் பிறகு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

காய் காய்ந்து மூட்டையானதும், மெஷினை விற்க அப்பா ஆள் கூட்டி வந்தார்.

“நல்லா வெளைஞ்சப்புறம் எதுக்குங்க விக்கிறீங்க?” என்று கேட்டார் அம்மா.

“அது சும்மா கெடந்துதானே புள்ள வெளைஞ்சிச்சு.”

அதன்பின் ஆண்டுக்கு ஒரு போகம், மழையை நம்பி. மற்ற மாதங்களில் நோர்வூட் வந்து பேரப்பிள்ளைகளோடு இருப்பார். மூச்சிரைப்பு வந்து படுத்த நாட்களிலும் பிபிலையில் மழையா என்று போனில் விசாரித்தார்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடிய லயத்துப் பிள்ளைகளுக்கும், இரவுபகலாக உடனிருந்த உறவினர்களுக்கும், மழையில் நனைந்து பாடையோடு நடந்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்த நிலத்தை இப்போது குணபால மாமா பார்க்கிறார். இந்த ஆண்டு நினைவு நாளுக்கு ஒரு மூட்டை அனுப்பியிருக்கிறார். இந்த நினைவு மலரோடு உங்கள் கைக்கு வருவது அதில் அவித்த கச்சான். உடைத்துப் பாருங்கள், பொக்கு இருக்காது.