பன்றித்தொடையால் விழுந்த அடி

போன மாதம் ஸ்பெயினில கடை கடையா ஏறி, உப்புப் போட்டுக் காயவிட்ட பன்றித்தொடை சாப்பிட்டனாங்கள். அந்த ருசியைத் தேடி இண்டைக்கு மனுசியோட, எங்கட வீட்டுக்குக் கிட்ட இருக்கிற த்ரீ கிங்ஸ் எண்ட இடத்தில ஒரு ஸ்பானிஷ்காரியின்ர கடைக்குப் போனன்.

கடைக்காரி ஒரு முழுத் தொடையில இருந்து எங்களுக்குச் சீவிக்கொண்டு நிக்கேக்க, முகத்தை மூடின ஒருத்தன் வந்து சுத்தியலால கண்ணாடி அலுமாரியை உடைச்சான். சில்லுப் பறந்து மனுசியின்ர கன்னம் கிழிஞ்சுது.

"காசு லாச்சியைத் திற!" எண்டு கத்தி, கடைக்காரியின்ர தலைக்கு நேர சுத்தியலை ஓங்கினான்.

கடைக்காரி அந்தத் தொடையை ரெண்டு கையாலயும் தூக்கி அவன்ர மணிக்கட்டில அடிச்சா. எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுது. அவன் சுத்தியலைப் போட்டிட்டு ஊளையிட்டுக்கொண்டு ஓட, அவ நிலத்தில குந்தியிருந்து அழுதா.

பொலிஸ் வந்து, தடயம் எண்டு சுத்தியலோட தொடையையும் கொண்டுபோட்டுது.

ஆஸ்பத்திரியில கன்னத்துக்குத் தையல் போடேக்க மனுசி கேட்டா: "சீவின துண்டுகளையாவது எடுத்தனீங்களோ?"

நான் எடுக்கேல்லை. இப்ப என்ன பதில் சொல்ல? நீங்களே சொல்லுங்கோ.