ஹாலந்துக்காரர் வரைந்த மாமியார் படம்

ஹாலந்து தேசத்துக்காரர் ஒருவர் எங்கள் மலைக் கிராமத்துக்கு வந்து, கிழடுகட்டைகளாகத் தேடித் தேடிப் படம் வரைய ஆரம்பித்தபோது எனக்கு அது நல்லதாகப் படவில்லை. எங்கள் பக்கம் செத்தவர்களுக்குத்தான் படம் மாட்டுவார்கள்.

"வயசுப் பிள்ளைக இத்தனை பேரு இருக்க, இந்த ஆளுக்கு எதுக்குங்க கெழடுக?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் காதிலேயே வாங்கவில்லை.

வெள்ளைக்காரர் கொடைக்கானலில் தங்கி அரைகுறைத் தமிழ் பழகியிருந்தார். அவர் நாட்டு ஓவியர்கள் அந்தக் காலத்திலிருந்தே வயதானவர்களை உட்காரவைத்துப் பேனாவும் மையுமாக வரைவார்களாம். சுருக்கம் விழுந்த முகத்தில்தான் கோட்டுக்கு வேலையாம். நல்ல கதை!

ஊரே தயங்க, என் மாமியார் முதல் ஆளாகச் சம்மதித்தார். வெளியாள் வந்தால் வாசலை எட்டிப் பார்க்காத மனுஷி! எனக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. பூண்டுக் காட்டுக்குப் போகையில், நடக்கப் பழகும் என் மகளை அவரிடம்தான் விட்டுப் போவேன். அன்று வேலையாவது ஒன்றாவது என்று, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்துவிட்டேன்.

மனிதர் பேனாவை மையில் தொட்டுத் தொட்டு, பொடிப்பொடிக் கோடாகப் போட்டார். ஒரு கோடு போடுமுன் வெகுநேரம் பார்த்தார். மாமியார் அசையவே இல்லை.

படம் முடிந்ததும் எட்டிப் பார்த்தேன். மூக்குத்தி, தொங்கிய காது, கன்னத்துச் சுருக்கம் எல்லாம் அப்படியே இருந்தன. கண்கள் மட்டும் எதையும் பார்க்காத கண்களாக இருந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்க அத்தைக்கு நல்ல கண்ணுங்க! ஏன் குருடி மாதிரி போட்டு வச்சிருக்கீங்க? அழிங்க!"

"இது மை, அம்மா. அழியாது," என்றார். பிறகு மெதுவாக, "நான் பார்த்தது இதுதான்," என்றார்.

தாளைப் பிடுங்கி மாமியார் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இந்த அநியாயத்தப் பாருங்க அத்தை!"

மாமியார் சிரித்தார். "என்னையாட்டமே இருக்கு தாயி. நல்லாத்தானே போட்டிருக்காரு."

ஆத்திரத்தில் தாளைத் திருப்பிப் பிடித்திருந்தேன். அவருக்கு எதிரே இருந்தது வெறும் வெள்ளைப் பக்கம்.

இந்தக் கண்ணோடா இத்தனை நாள் என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்! அடுப்பு எரிகிற வீடு. வாசலை ஒட்டியே பள்ளம்.

"எத்தனை நாளா அத்தை?"

"போன மழையிலேர்ந்து மங்கிக்கிட்டே வந்துச்சு. சொன்னா பிள்ளைய எங்கிட்ட விடமாட்டியே, அதான்."

"அப்புறம் எதுக்கு இவரு முன்னால வந்து உக்காந்தீங்க?"

"சும்மா உக்காரச் சொன்னாரு. பயமில்லாமச் செய்ய எனக்கு இப்ப அந்த ஒரு சோலிதானே கெடக்கு."

சொல்லிவிட்டு, பிள்ளைக்காக இரண்டு கையையும் நீட்டினார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் பிள்ளையைக் கொடுக்கவில்லை.