சூடாகாமல் வண்டி எடுக்காத செல்லத்துரை சார்

செல்லத்துரை சார் போய்விட்டார் என்று அவர் மகன் போனில் சொன்னபோது நான் காலை இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எண்பத்தாறு வயது. உறக்கத்திலேயே போய்விட்டாராம். கருங்கல் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவர் இயற்பியல் ஆசிரியர், நான் தமிழ். அவரைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய காரையும் தெரியும்.

வெள்ளைக்காரன் காலத்துக் கார் அது, அவருடைய தாத்தா வாங்கியது. கிளப்பும் முன் ரேடியேட்டரில் ஒரு கெண்டி வெந்நீர் ஊற்றுவார். அடுப்பில் காய்வது நமக்குக் காப்பியா, வண்டிக்கு வெந்நீரா என்று தெரியாமல் விருந்தாளிகள் விழிப்பார்கள். "நம்ம ஊருல பனியா சார் பெய்யுது?" என்று கேட்டேன்.

"இரும்புக்கு இது குளிருதான் மக்கா. வண்டி ஓடியா தேயுது? ஆறிக் கிடக்கப்பம் கிளப்பினா சிலிண்டருக்க உள்ள தண்ணி வேர்க்கும். அது புகையோட சேர்ந்து இரும்பத் தின்னும். எண்ணெய் ஏறதுக்கு முன்ன பிஸ்டன் ரிங்கும் கிடந்து ஒரசும்."

அதனால் சின்னத் தூரத்துக்கு வண்டியை எடுக்கவே மாட்டார். கார் வைத்திருக்கும் மனிதர் மழையில் குடை பிடித்துக் கடைக்கு நடப்பார். மார்த்தாண்டத்து மெக்கானிக் ஒருவர் எஞ்சினைப் பிரித்துச் சிலிண்டரை அளந்து பார்த்தார். தேய்மானமே இல்லை. நம்பாமல் மறுபடியும் அளந்தார். "இத யாரும் ஓட்டினதே இல்லியா சார்?" என்றார். அன்று ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் சார் செலவில் நேந்திரம்பழப் பழம்பொரி.

என் கல்யாணத்தன்று பெண்ணை அழைத்துவர அந்தக் காரைக் கேட்டது என் மடத்தனம். பெண் வீட்டிலிருந்து வேதக்கோயில் கூப்பிடு தூரம். நேரமாகியும் பெண் வரவில்லை. போதகர் கடிகாரத்தைப் பார்க்கிறார், மாமனார் வாசலைப் பார்க்கிறார், ஊர் என்னைப் பார்க்கிறது. முக்கால் மணி நேரம் கழித்துக் கார் வந்து நின்றது.

"குளச்சல் வரைக்கும் ஒரு சுத்து போனேன் மக்கா. இந்தத் தூரம் மட்டும் ஓட்டினா சிலிண்டர் கெட்டுப்போவும்" என்றார் சார், கொஞ்சமும் வெட்கமில்லாமல். ஒரு மாதம் நான் அவரோடு பேசவில்லை.

போன வாரம் அடக்கம் முடிந்து திரும்பும்போது என் மனைவி லில்லி சொன்னாள். அன்று குளச்சல் கடற்கரையில் கார் நின்றதாம். துணைக்கு வந்த அவள் சித்தி தலைசுற்றுகிறது என்று இறங்கிய நேரம், சார் திரும்பிப் பார்க்காமலே கேட்டிருக்கிறார்: "மோளே, இந்தக் கல்யாணத்துக்கு உனக்க சம்மதத்த யாராவது கேட்டாவளா?"

"இல்ல சார்."

"அப்பம் நான் கேக்கேன். வேண்டாம்னா சொல்லு. உங்க அப்பாகிட்ட நான் பேசுகேன்."

பதிலுக்கு லில்லி கேட்டிருக்கிறாள்: "மாப்பிள எப்படி சார்?"

"அவசரக்காரன். ஆனா தப்பு செய்தா ஒத்துக்கிடுவான்."

"அப்பம் கோயிலுக்கு விடுங்க சார்" என்றாளாம். "அவன்கிட்ட சொல்லாண்டாம், கூச்சப்படுவான்" என்று சார் சொன்னதால் இத்தனை வருடம் இவளும் வாயைத் திறக்கவில்லை. சிலிண்டருக்காகவும்தான் அவர் சுற்றினார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெண் பார்க்கப் போன வீட்டில் பலகாரத்தை ஒரு கை பார்த்தவன் நான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. சார், உங்களைத் தெரிந்த அத்தனை பேர் முன்னாலும் ஒத்துக்கொள்கிறேன், தப்புதான். முப்பத்தொரு வருடமாக என்னோடு இருப்பவள் தானாகவே சரி சொல்லி வந்தவள் என்பது உங்களால்தான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் விட்டுப்போனதில் நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.