வெங்காய வண்டியின் குரல்

பாண்டிச்செல்வி வெங்காயம் விற்கத் தொடங்கிய முதல் மாதத்திலேயே தொண்டை கட்டிக்கொண்டது. சமயநல்லூரிலிருந்து காலையில் கிளம்பி, காளவாசல் தொடங்கி பழங்காநத்தம் வரை தெருத்தெருவாகக் கத்தினால் யாருக்குத்தான் கட்டாது? கணவன் பீமாராவ் லோடு ஆட்டோ ஓட்டுவான். அவள் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே தராசோடு உட்கார்ந்திருப்பாள். மற்ற வண்டிக்காரர்களைப் போல ஒரு ஸ்பீக்கர் வாங்கி, பதிவு செய்த குரலை ஓட விடலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

ஸ்பீக்கர் கடையில் ஓர் ஆண் குரலைத் தயாராக வைத்திருந்தார்கள். பாண்டிச்செல்விக்கு அது பிடிக்கவில்லை.

"என்னங்க இது, எழவுச் சேதி சொல்ற மாதிரி இருக்கு?" என்றாள்.

அன்று சாயங்காலம் ஆட்டோவின் முன்சீட்டில் உட்கார்ந்து, பீமாராவின் போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு அவளே பேசினாள்.

"வெங்காயம், வெங்காயம்! வாங்க மதினி, வாங்கக்கா! மருமகளுக்குத் தெரியாம மாமியா வாங்கலாம், மாமியாளுக்குத் தெரியாம மருமக வாங்கலாம். ரெண்டு பேரும் சேந்து உக்காந்து உரிங்க. யாரு எதுக்கு அழுகுறாகன்னு ஒருத்தருக்கும் தெரியாது!"

பேசி முடித்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்காத புள்ள, இன்னொருக்காப் பேசு" என்று பீமாராவ் அதட்டியதும் சேர்ந்தே பதிவாகிவிட்டது. மறுபடி பேசிப் பார்த்தாள், முதலில் பேசியது போல வரவில்லை. அதனால் சிரிப்பும் அதட்டலுமாக அப்படியே ஸ்பீக்கரில் ஏற்றினார்கள்.

மறுநாளே தெருப் பெண்கள் சிரித்துக்கொண்டே பையோடு வந்தார்கள். "ஏத்தா, எங்க வீட்டுக் கதை ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒருத்தி கேட்டாள். சில வீடுகளில் அந்தச் சிரிப்பு வரும்வரை வாங்காமல் காத்திருந்தார்கள்.

திருமங்கலம் பக்கம் வெங்காயம் விற்றுக்கொண்டிருந்த முத்திருளன் ஒருநாள் மார்க்கெட்டில் வந்து நின்றான். "அக்கா, அந்தச் சத்தத்த எனக்கும் குடுங்க."

"எடுத்துக்க தம்பி. நாங்க விக்கிற தெருவுக்கு மட்டும் வந்துராத."

அவனிடமிருந்து இன்னொருவன் கேட்டான், அவனிடமிருந்து வேறொருவன். யார் வந்து சொன்னாலும் அவள் சரி என்றாள். கொஞ்ச நாளில் மதுரையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாண்டிச்செல்வி வெங்காயம் விற்றுக்கொண்டிருந்தாள். காளவாசல் சிக்னலில் ஒருமுறை இரண்டு வண்டிகள் எதிரெதிராக நின்று, ஒரே குரலில் ஒன்றையொன்று மதினி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தன. அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

அந்த வருடப் பொங்கலுக்கு இருவரும் சினிமாவுக்குப் போனார்கள். படத்தில் கதாநாயகனின் நண்பன் ஓர் ஏமாற்றுக்காரன். அவன் ஒரு வண்டியில் வெங்காயம் கொண்டுவந்தான். ஸ்பீக்கரிலிருந்து, "வாங்க மதினி, வாங்கக்கா!" என்று பாண்டிச்செல்வியின் குரல் வந்தது. தியேட்டரே ஓவென்று கத்தியது. மதுரைக்காரர்களுக்கு அந்தக் குரலைத் தெரியாதா? கடைசியில் "சிரிக்காத புள்ள" என்பதும் அப்படியே வந்தது.

பீமாராவ் எழுந்து நின்றுவிட்டான். "ஏய், அது நான்! அது நாந்தான்!"

பாண்டிச்செல்வியும் முதலில் கைதட்டினாள். அப்புறம் திரையில் பெண்கள் கூடி, அழுகிப்போன வெங்காயத்தை அந்த ஏமாற்றுக்காரன் மூஞ்சியில் எறிந்தார்கள். தட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்குரல வச்சு அழுகல விக்கிறான்ங்க."

"படந்தானே செல்வி."

"படமா இருந்தா என்ன? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டானா? முத்திருளன் கேட்டான்ல?"

அடுத்த வாரம் போன தெருவில் எல்லாம், "படத்துல வித்த சரக்கு இல்லையே?" என்று பெண்கள் கேலி செய்தார்கள். விளையாட்டுக்குத்தான் கேட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு வெங்காயமாக அழுத்திப் பார்த்துத்தான் எடுத்தார்கள். அது அவளுக்குச் சுருக்கென்று இருந்தது.

பழங்காநத்தத்தில் அவளிடம் வாடிக்கையாக வாங்கும் பவதாரிணி, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வக்கீல். அன்று வெங்காயம் வாங்க வந்தவளிடம் பாண்டிச்செல்வி எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அதுல வர்ற பேச்ச எழுதிக் குடுத்தது யாருக்கா?"

"எழுதவா? வாயில வந்துச்சு, பேசுனேன்."

"யார் பதிஞ்சது?"

"நாங்கதேன், இவுக போன்ல."

"அப்ப பேச்சும் உங்களது, பதிவும் உங்களது. கவர்மெண்ட் ஆபீசுல போய்ப் பதிஞ்சு வச்சிருந்தாத்தான் உரிமைன்னு சட்டத்துல இல்ல. குரலும் முகம் மாதிரித்தாங்க்கா. உங்களக் கேக்காம எடுத்து வியாபாரம் பண்ணக் கூடாது."

"நானே ஊருக்கெல்லாம் குடுத்திருக்கேனே மேடம்?"

"கேட்டவங்களுக்குக் குடுத்தீங்க. கேக்காதவங்களுக்குமா குடுத்தீங்க?"

பாண்டிச்செல்விக்கு மனசு லேசானது. கூடவே ஒரு பயமும் வந்தது. "அப்ப முத்திருளன் தம்பியெல்லாம் நிப்பாட்டணுமா?"

"வேண்டியதே இல்ல. அது உங்க இஷ்டம்."

பவதாரிணி நோட்டீஸ் அனுப்பினாள். சென்னையிலிருந்து படக் கம்பெனியின் மேனேஜர் செல்வக்குமார் வந்து, அவளுடைய ஆபீசில் பாண்டிச்செல்விக்கும் பீமாராவுக்கும் எதிரே சங்கடத்தோடு உட்கார்ந்தான்.

"ஷூட்டிங் வந்த இடத்துல தெருவுல கேட்டுச்சு, ரெக்கார்ட் பண்ணிக்கிட்டோம். ஸ்பீக்கர்ல வர்றது யாரோடதுன்னு எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"ஸ்பீக்கரு தானாப் பேசுமா தம்பி? உள்ள ஒரு பொம்பள இருப்பாள்ல? வண்டிக்காரர நிறுத்திக் கேட்டிருந்தா எங்க வீட்டக் காட்டியிருப்பாரே."

பீமாராவ் தன் போனை எடுத்து முதல் பதிவை ஓடவிட்டான். "சிரிக்காத புள்ள" வந்ததும் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். செல்வக்குமாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"தப்புதாம்மா. படம் அடுத்து போன்லயும் டிவியிலயும் வரப்போகுது. அதுக்குள்ள சரி பண்ணிடலாம். உங்களுக்கு என்ன செய்யணும், சொல்லுங்க."

"எங்க பேரப் போடணும். அப்புறம், அழுகல் விக்கிற எடத்துல எங்குரல் வேணாம். படத்துல அந்தாளு கடைசியில திருந்தி ஒழுங்கா யாவாரம் பாக்குறான்ல, அங்க வச்சுக்கங்க."

டைரக்டரிடம் போனில் பேசிவிட்டு வந்த செல்வக்குமாரின் முகம் மலர்ந்திருந்தது. "நல்ல யோசனைங்கிறார். ஆனா அந்த சீன்ல அவன் விக்கிறது மாம்பழம். புதுசா நீங்கதான் பேசணும்."

மற்ற நடிகர்களுக்கு உள்ளது போலவே சம்பளமும் பேசி, ஒப்பந்தத்தில் எழுத வைத்தாள் பவதாரிணி.

மதுரையிலேயே ஒரு ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு நடந்தது. கண்ணாடி அறைக்குள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மாம்பழத்தைப் பற்றிப் பாண்டிச்செல்வி வெளுத்து வாங்கினாள். "கடைசில அந்தச் சிரிப்பும் சாரோட அதட்டலும் வேணும் மேடம்" என்றார்கள். சிரிப்பு மட்டும் வரவில்லை. தண்ணீர் குடித்தாள், மூச்சை இழுத்து விட்டாள், ஒன்றும் நடக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பீமாராவ் மைக்கைப் பிடித்து, சினிமாக்காரன் தோரணையில் தலையைக் கோதிவிட்டுக்கொண்டு தொண்டையைச் செருமினான். அதைப் பார்த்ததும் அவள் சிரித்த சிரிப்பை, அவன் "சிரிக்காத புள்ள" என்று அதட்டிய பிறகும் ஸ்டூடியோக்காரர்களால் நிறுத்த முடியவில்லை.

படம் டிவியில் வந்த ஞாயிற்றுக்கிழமை, சமயநல்லூர் வீட்டில் நிற்க இடமில்லை. முத்திருளன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். மாம்பழ சீன் வந்தபோது எழுந்த விசிலில் பாதி வசனம் கேட்கவேயில்லை. கடைசியில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

'குரல்: பாண்டிச்செல்வி பீமாராவ்.'

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பீமாராவ் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எம்பேரு எங்க?"

"இந்தா, எம்பேருக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு இருக்குல்ல" என்றாள் பாண்டிச்செல்வி.

"அது ஒம்பேரு மாதிரில்ல இருக்கு! நானும் பேசுனேன்ல?"

"வக்கீலம்மாகிட்டச் சொல்லி இன்னொரு நோட்டீஸ் விடச் சொல்லவா?"

பீமாராவ் தலையைச் சொறிந்தான். "அம்புட்டுக்கெல்லாம் வேணாம். நடுவுல ஒரு கமா போட்டிருக்கலாம்" என்றான்.

மறுநாள் பழங்காநத்தத்தில் ஒரு பெண், "நேத்துப் பாத்தோம்த்தா, ஒம்பேரு வந்துச்சு!" என்று ஓடிவந்தாள். பாண்டிச்செல்வி வாயைத் திறப்பதற்குள் பீமாராவ் ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு இறங்கினான்.

"அதுல ரெண்டு பேரு இருக்கும்மா. நல்லா நிறுத்திப் படிச்சீங்களா?"