அஞ்சலையின் பிறந்த தேதி

சிதம்பரம், கடலூர் இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா என்று மூன்று பேர் கேட்டு எழுதியிருந்தீர்கள். முடியும். போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை நான் போய் வந்தேன். ஆனால் போனது கோயிலுக்கும் இல்லை, கடற்கரைக்கும் இல்லை. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஹாக்கி ஆடிய அஞ்சலை இறந்து நான்கு மாதம் ஆகிவிட்டது என்று வாட்ஸப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். அவளிடம் சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தை இருபத்தெட்டு வருடம் நெஞ்சிலேயே வைத்திருந்தேன். சரி, அவள் வீட்டிலாவது சொல்லிவிடுவோம் என்றுதான் கிளம்பினேன். கோபுரப் படம் எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

தாம்பரத்தில் காலை ஆறே முக்காலுக்கு ரயில். இரண்டாம் வகுப்பு இருக்கை 105 ரூபாய். பத்தரைக்குச் சிதம்பரத்தில் இறங்கி, நிலையத்துக்கு எதிரிலேயே இட்லியும் கொத்சும் சாப்பிட்டேன், 50 ரூபாய். கொத்சு அன்றைக்கு ஏன் அவ்வளவு ருசியாக இருக்க வேண்டும் என்று எரிச்சலாகத்தான் வந்தது. ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்து, அந்தக் காலத்தில் எங்களுக்கு ஹாக்கி முகாம் நடந்த மைதானத்துக்குப் போனேன். வேலி போட்டுப் பூட்டியிருந்தது. வெளியே நின்றே பார்த்தேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்போது கடலூரில் எங்களுக்கு ஹாக்கி என்றால் வேலை. நன்றாக ஆடினால் ரயில்வே, போலீஸ், வங்கி என்று யாராவது வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். தரை முழுக்கச் சரளை. விழுந்தால் முட்டித்தோல் அங்கேயே தங்கிவிடும். ஆடுகிறவர்களுக்குச் சொந்தப் பெயர் நிலைக்காது. கோல் காத்த ஒருவருக்கு ‘சுருக்குவலை’ என்று பெயர். அஞ்சலை ‘வாளை’. அந்த மீனைப் போலவே பளிச்சென்று வருவாள், கையில் சிக்கமாட்டாள். எனக்குப் பட்டப்பெயரே கிடையாது. என் ஆட்டத்தின் லட்சணத்தை அதிலிருந்தே புரிந்துகொள்ளுங்கள்.

ஜூனியர் மாநில அணிக்கு அந்த முகாமில்தான் ஆள் எடுத்தார்கள். ரைட் அவுட் இடம் அஞ்சலைக்கு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நான் அவளுக்கு மாற்று ஆள். கடைசி வாரத்தில் ஸ்கூல் சர்டிபிகேட்டைப் பார்த்தால், வயது வரம்பை அவள் நாற்பத்தொரு நாள் தாண்டியிருந்தாள். அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உண்மையில் தாண்டவில்லை. அந்தக் காலத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்தது என்று ஹெட்மாஸ்டரே ஒரு தேதி போட்டுக்கொள்வார். அஞ்சலையை அவள் அப்பா நாலு வயதிலேயே கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டார். பேப்பரில் ஒரு வயது கூடிவிட்டது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு இப்படித்தான், இரண்டு பிறந்த நாள்.

நகராட்சிப் பிறப்புப் பதிவை வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கொண்டுவந்தால் சேர்த்துக்கொள்வதாக அணி மேலாளர் சொன்னார். அவள் அப்பா இரண்டு நாள் கடலுக்குப் போகாமல் அலுவலக வாசலில் நின்று அதை வாங்கினார். கடலூர் விடுதியில் துணி எடுக்க வந்துவிட்டு முகாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்த என்னிடம், வெள்ளிக்கிழமை காலை கடலூர் பஸ் நிலையத்தில் கொடுத்தார். “பத்தரமா குடுத்துடு பாப்பா. எனக்கு அங்க யாரையும் தெரியாது” என்றார்.

நான் கொடுக்கவில்லை. பிசிக்ஸ் நோட்டுக்குள் வைத்திருந்தேன். மேலாளர் பத்தடி தூரத்தில்தான் நின்றார். இரண்டு தடவை பையைத் திறந்து இரண்டு தடவையும் மூடினேன். சனிக்கிழமை காலை பட்டியலை ஒட்டிய பிறகு போய் நீட்டினேன். “நேத்தே குடுத்திருக்கக் கூடாதாம்மா?” என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஊருக்கு வந்து அஞ்சலையிடம், “நகராட்சி பேப்பரு செல்லாதாம்டி, ஸ்கூல் சர்டிபிகேட்டுல இருக்கறதுதானாம்” என்றேன். அவள் இடத்தில் நான் ஆடினேன். அந்த மாநில அணிச் சட்டையைக் காட்டித்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கும் சேர்ந்தேன். இந்தப் பயணத்துக்கான டிக்கெட்டும் அந்தச் சம்பளத்தில் எடுத்ததுதான்.

சிதம்பரத்திலிருந்து கடலூர் 45 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம், 42 ரூபாய். கடலூரிலிருந்து தேவனாம்பட்டினத்துக்கு ஆட்டோ 150 கேட்டார். பேரம் பேசும் மனநிலையில் நான் இல்லை. ஹாக்கி ஆடின அஞ்சலை வீடு என்றதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். “எங்க மாமாவும் ஆடுனவருதான். லெப்ட் அவுட்டு. ரயில்வேல வேல, பென்சன், இப்ப சுகரும் ஜாஸ்தி. எல்லாமே ஹாக்கி குடுத்ததுதான்” என்று சிரித்தார். எனக்கும் கொடுத்தது என்று சொல்ல வாய் வரவில்லை.

அஞ்சலையின் கணவர் செல்வம் வீட்டில் இருந்தார். மாலை போட்ட படம், பக்கத்தில் ஆணியில் மாட்டிய மட்டை. நான் யாரென்று சொன்னதும் அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டார். “வசந்தியா! உக்காரும்மா. உன்ன சொல்லாத நாளு இல்ல. ‘எனக்காவ அந்த பேப்பர எடுத்துக்கினு அலைஞ்சவ அவ ஒருத்திதான்’னு சொல்லிக்கினே இருக்கும்.”

அதற்குப் பிறகும் உட்கார்ந்திருக்க முடியுமா? நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் படத்தின் பக்கம் திரும்பினார்.

“அவுங்க அப்பாகூட அது பேசாது, தெரியுமா?” என்றார். “அன்னியிலேருந்து பேசல. ‘அவசரப்பட்டு ஸ்கூல்ல சேத்து என் வாழ்க்கைய கெடுத்தாரு’ன்னுதான் சொல்லும். சோறு குடுத்தனுப்பும், வார்த்த கெடையாது. சுனாமி அன்னிக்கி அவரு உசுரோட திரும்பி வந்து வாசல்ல நிக்கிறாரு. ஒரு நிமிசம் பாத்துச்சு, உள்ள போயிடுச்சு. சாவுற அன்னிக்கிம் ‘அப்பா’ன்னு கூப்புடல.” பிறகு எழுந்து செருப்பை மாட்டினார். “மாமா பின்னாடி தெருவுலதான் இருக்காரு. எங்கிட்ட சொன்னத அவருகிட்டயும் சொல்லிட்டுப் போ.”

பயணக் குறிப்பை இங்கேயே தந்துவிடுகிறேன், கடைசியில் சொல்ல மனசு இருக்காது. அதிகாலையில் கிளம்புங்கள். சிதம்பரத்தை மதியத்துக்குள் முடித்துக்கொண்டால் சாயங்காலம் கடற்கரை பார்க்கலாம். தொப்பியும் தண்ணீரும் அவசியம். கடலூரிலிருந்து சென்னைக்குப் பஸ் அடிக்கடி உண்டு, நாலரை மணி நேரம். எனக்குச் சாப்பாடு உட்பட மொத்தச் செலவு 680 ரூபாய். யாரையாவது பார்த்து மன்னிப்புக் கேட்பதற்காகப் போகிறீர்கள் என்றால், அடுத்த லீவுக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். நான் இருபத்தெட்டு வருட லீவுகளைத் தள்ளிப்போட்டவள்.

சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளில் மூன்றாவது அவருடையது. வாசலில் சாக்கு விரித்துக் கருவாடு காயப்போட்டு, ஒரு குச்சியோடு காக்கா ஓட்டிக்கொண்டிருந்தார். என்னை அவருக்கு நினைவிருந்தது. பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன்.

“அப்பா, தப்பு உங்களோடது இல்ல. நீங்க வாங்கிக் குடுத்த பேப்பரு செல்லும். நான்தான் ஒரு நாள் லேட்டா குடுத்தேன். அஞ்சலைகிட்ட பொய் சொன்னேன்.”

கேட்டார். முழுக்கக் கேட்டார். இவ்வளவு வருடச் சுமையில் கொஞ்சமாவது அவர் முகத்திலிருந்து இறங்கும் என்று நான் காத்திருந்தேன்.

“அவ அம்மா விடிஞ்சா மீன் கூடையோட போயிடுவா. நானு கடலுக்கு. புள்ளய யாருகிட்ட வுடுறது?” என்றார். “ஸ்கூலுக்கு இட்டுக்கினு போனேன். ஹெட்மாஸ்டரு காத தொடச் சொன்னாரு.” குச்சியைக் கீழே வைத்துவிட்டுத் தன் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்தார். விரல் காதுக்கு மேலேயே நின்றது. “எட்டல பாப்பா. ஒரு விரக்கட எட்டல. அவரு பேனாவ எடுக்கக் குனிஞ்சாரு. நாந்தான் புள்ள தலைய லேசா சாச்சு வுட்டேன்.”

கையை அவர் இறக்கவில்லை. காக்கா வந்து கருவாட்டின் மேல் உட்கார்ந்தது. நான்தான் ஓட்டினேன்.